தூக்கணாங்குருவிக் கூடும் பறவையறிஞர் சாலிம் அலியும்

காங்கேயம் என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காளைதான். நிமிர்ந்த திமிலும், பின்னோக்கி வளைந்து மேலெழும் கொம்பும், கட்டான உடலும் கொண்ட அக்காளையைக் காணும் வெளியூரார், இஃது ஏருக்கும் வண்டிக்கும் என்றே உருவானதோ என்று வியப்பர். நம் பகுதி உழவர் அவ்வாறு வியப்பதில்லை. அஃது எவ்வாறு அப்படி ஆயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று வளரும் கன்றுகளுள் எதனைப் பொலிகாளையாக வைத்துக்கொள்வது, எதனை வண்டியில் பூட்டுவது, எதனைச் சந்தைக்கு அனுப்புவது என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த கைகள் பல. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இவ்வினத்தைப் பேணி வளர்த்த வரலாறு நாடறிந்தது. ஆகவே, காளையின் தோளில் நாம் காணும் நோக்கம் காளையினுடையது அன்று, அதனைத் தேர்ந்தெடுத்தவருடையது.

அதே கொறங்காட்டின் ஓரத்தில் ஒரு கிணறு இருக்கும். கிணற்றின் மீது சாய்ந்த மரத்திலோ அருகிலுள்ள பனையிலோ தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். கீழே நீர், மேலே மெல்லிய நார், பக்கவாட்டில் நீண்டு தொங்கும் குழாய் வாயில். பாம்பு ஏறினால் வழுக்கும். சிறுவர் கைநீட்டினால் எட்டாது. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காது. இதனைப் பார்க்கும்போது மட்டும் காளை வளர்த்த உழவரும் வெளியூராரைப் போலவே வியந்து நிற்பர். இங்கே தேர்ந்தெடுத்த கை யாருடையது? காளையைத் தேர்ந்தவர் ஊரில் இருக்கிறார். கூட்டைத் தேர்ந்தவர் எங்கே இருக்கிறார்?

இவ்வினாவுக்கு முழு விடையைத் தந்தவர் என்று ஒருவரைச் சுட்டல் இயலாது. ஆயினும், விடையின் ஒரு பெரும்பகுதியைக் கூட்டின் அருகிலேயே அமர்ந்து கண்டெடுத்தவர் பறவையியலறிஞர் சாலிம் அலி ஆவார். இம்மலரில் அப்பெருமகனாரின் வாழ்வை அந்த ஒரு கூட்டின் வழியாக நோக்க விழைகின்றோம். அவர் பெற்ற விருதுகளைப் பலரும் எழுதிவிட்டனர். ஆதலின் அவற்றை நாம் விரைவில் கடந்து செல்வோம்.

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். ஓராண்டு நிறையும் காலத்தில் தந்தை மொய்சுத்தீன் மறைந்தார். மூன்று வயதில் தாயார் ஸீனத்துன்னிஸாவும் மறைந்தார். உடன்பிறந்தார் பலருடன் அவரும் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி, அவர்தம் துணைவியார் ஹமீதா பேகம் ஆகியோரின் அரவணைப்பில் கேத்வாடி வீட்டில் வளர்ந்தார். விடுதலைப் போரில் காந்தியடிகளுடன் நின்ற அப்பாஸ் தையப்ஜியும் அவருக்கு மாமன் முறையினரே. அமீருத்தீன் வேட்டையில் விருப்புடையவர். சிறுவனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதற்கு இலக்கானவை சிட்டுக்குருவிகள்.

ஏறத்தாழப் பத்து வயதில் அவர் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில், குழம்பு தெறித்தாற்போல மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. வழக்கமான சிட்டு அன்று என்பது தெரிந்தது. இதனை உண்பது முஸ்லிமுக்குத் தகுமா என்னும் ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமனிடம் கொண்டு சென்றான். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர். கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதி, குருவியையும் சிறுவனையும் அவரிடம் அனுப்பினார். மில்லார்டு அதனை மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டார். அத்தோடு நில்லாமல், பெட்டி பெட்டியாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அச்சிறுவனுக்குக் காட்டினார். உணவு ஆகுமா என்று தொடங்கிய ஐயம், இஃது எந்தப் பறவை என்னும் வினாவாக மாறிய இடம் அதுதான். முதுமையில் தம் வரலாற்றை எழுதி 1985இல் வெளியிட்டபோது, அந்நூலின் பெயரிலேயே அச்சிட்டின் வீழ்ச்சியை அவர் குறித்து வைத்தார்.

கல்வியில் அவர் சிறந்து விளங்கினார் என்று எழுத நம்மால் இயலவில்லை. தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்தவர் முதலாண்டிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தாவாய்க்குச் சென்றார். தொழில் நடந்ததோ இல்லையோ, அங்கிருந்த காடுகளில் பறவை பார்ப்பது தவறாமல் நடந்தது. 1917இல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். பிளாட்டர் என்னும் பாதிரியாரின் தூண்டுதலால் சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் கற்றார். 1918இல் தஹ்மினா பேகத்தை மணந்தார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இறுதிவரை இல்லை. பட்டமில்லாத காரணத்தால் அரசின் விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலர் பணி கிட்டாது போயிற்று. பட்டம் பெறுதற்குரிய கல்லூரியின் மலரில் இதனை எழுதுகிறோமே என்று மாணவர் புன்முறுவல் பூக்கலாம். பட்டத்தை விட்டவர் படிப்பை விடவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பார்வையாளர்க்கு விளக்கவுரை ஆற்றும் பணி கிடைத்தது. அக்காலத்தில் அவர் எழுதிய ஒரு கட்டுரைத் தொடரை ஈண்டுக் குறிப்பிடல் தகும். முகலாயப் பேரரசர்களை இயற்கை ஆய்வாளர்களாகக் காட்டும் தொடர் அது. பேரரசர் ஜஹாங்கீர், லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு வளர்த்த ஓரிணைச் சாரசக் கொக்குகளைக் கூர்ந்து நோக்கி, அவை இணைந்ததையும் முட்டையிட்டதையும் மாறி மாறி அடைகாத்ததையும் தம் குறிப்பேட்டில் பதிந்து வைத்தவர். அரியணையில் இருந்தவர்க்கு இதற்கு நேரம் எங்ஙனம் வாய்த்தது என்பது நமக்கு வியப்பே. சாலிம் அலிக்கு அதில் வேறொன்று புலப்பட்டது. பறவையின் தோலை உரித்து அளப்பது மட்டும் அறிவியல் அன்று. அஃது உயிரோடு என்ன செய்கிறது என்று பார்த்து எழுதுவதும் அறிவியலே.

முறையான பயிற்சி வேண்டும் என்னும் எண்ணத்தால் அவர் அயல்நாட்டு அருங்காட்சியகங்களுக்கு எழுதினார். இலண்டனிலிருந்து ஊக்கமான மறுமொழி வரவில்லை. பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தின் எர்வின் ஸ்ட்ரெசிமான் மனமுவந்து வரவேற்றார். விடுப்பெடுத்துக்கொண்டு சாலிம் அலி ஜெர்மனி சென்றார். பர்மாவிலிருந்து சேகரிக்கப்பட்ட பறவைகளை அங்கே ஆய்ந்தார். ஹெலிகோலாந்து தீவில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் முறையைக் கற்றார். ஸ்ட்ரெசிமானைத் தம் ஆசான் என்றே அவர் இறுதிவரை மதித்தார். அதே ஆசானிடம் பயின்ற மற்றொருவரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அவர் எர்ன்ஸ்ட் மாயர். கூட்டின் நோக்கம் பற்றிப் பேசும்போது அவர் மீண்டும் வருவார்.

1930இல் நாடு திரும்பியவருக்குக் காத்திருந்தது நற்செய்தி அன்று. நிதி இல்லையென்று அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. பெர்லினில் கற்ற கல்வி இருந்தது. கற்றதைச் செலுத்த இடமில்லை. பம்பாயில் வாழ்க்கைச் செலவு மிகுதி. கணவரும் மனைவியும் அலிபாக் அருகிலுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வூரில் வீட்டருகே ஒரு தூக்கணாங்குருவிக் குடியிருப்பு இருந்தது. மழைக்காலம் தொடங்கியது. வேலையில்லாதவருக்கு வேலை கிடைத்துவிட்டது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். தூக்கணாங்குருவியைப் பற்றி அதுவரை உலகம் என்ன எண்ணியிருந்தது? சேவலும் பெடையும் கூடிக் கூடு கட்டுகின்றன. பெடை அடைகாக்கும்போது சேவல் தனக்கென ஓர் அரைகுறைக் கூட்டைக் கட்டி, ஊஞ்சலாக அதில் அமர்ந்து பாடி, துணையை மகிழ்விக்கிறது. இவ்வாறே பலரும் நம்பினர். கூட்டின் உட்சுவரில் ஈரமண்ணை அப்பி, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து இரவில் விளக்கேற்றுகிறது என்னும் நம்பிக்கை இந்தியா முழுவதும் உண்டு. நம் பாட்டிமார் சொல்லவும் கேட்டிருக்கிறோம். இக்கதைகளில் அழகு உண்டு. ஆனால் அனைத்தும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கண்ணில் பட்ட ஒரு பொருளுக்கு, மனிதருக்கு ஏற்ற ஒரு நோக்கத்தை நாமே ஏற்றி விடுகிறோம். அரைக்கூடு இருக்கிறது, ஆகவே ஊஞ்சல். மண் இருக்கிறது, ஆகவே விளக்குத் தண்டு. பார்ப்பதற்கு முன்பே எதற்காக என்பது முடிவாகிவிடுகிறது.

சாலிம் அலி வரிசையை மாற்றினார். எதற்காக என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்பதைக் கூடு கூடாக, நாள் நாளாகக் குறித்து வந்தார். (பறவையில் ஆணைச் சேவல் என்பதும் பெண்ணைப் பெடை என்பதும் தமிழ் மரபு, மயில் நீங்கலாகச் சிறகுடையவற்றுக்கெல்லாம் சேவற்பெயர் பொருந்தும் என்பது தொல்காப்பிய மரபியலின் கருத்து. நாமும் அவ்வழியே செல்கிறோம்.) அவர் கண்டது இது.

முதலில் வருபவை சேவல்களே. தலையும் மார்பும் மஞ்சளாகப் பொலிய அவை ஒரு மரத்தைத் தேர்ந்து, புல்லையும் நெல்தாளையும் பனையோலையையும் நீள நீளமாகக் கிழித்து வந்து, கிளைநுனியில் முடிச்சிட்டுப் பின்னத் தொடங்குகின்றன. ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான முறை பறந்து சென்று நார் கொண்டுவர வேண்டும். கூடு பாதி முடிந்து, தலைகீழாகத் தொங்கும் தலைக்கவசம் போன்ற வடிவை எய்தியதும் வேலை நின்றுவிடுகிறது. அதுதான் தருணம். பெடைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. சேவல்கள் கூட்டில் தொங்கிச் சிறகடித்து ஓசையெழுப்புகின்றன. பெடையோ ஆரவாரத்தைப் பொருட்படுத்துவதில்லை; நேரே கூட்டுக்குள் நுழைகிறது; ஆராய்கிறது; வெளியேறுகிறது; அடுத்த கூட்டுக்குச் செல்கிறது. மனத்துக்குப் பிடித்த கூட்டில் தங்கிவிடுகிறது. அதன் பின்னரே அச்சேவல் முட்டை அறையையும் நீண்ட குழாய் வாயிலையும் கட்டி முடிக்கிறது. உள்ளே மெத்தென்று செய்யும் வேலை பெடையினுடையது. பெடை முட்டையிட்டு அடையில் அமர்ந்ததும் சேவல் அங்கு நிற்பதில்லை. அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த பெடையை எதிர்நோக்குகிறது. அடைகாப்பதும் குஞ்சுக்குப் பூச்சி கொணர்ந்து ஊட்டுவதும் பெரும்பாலும் பெடையின் பாடு.

அப்படியானால் அந்த ஊஞ்சல்? எந்தப் பெடையும் ஏற்காமல் விட்ட கூடுதான் அது. பாடி மகிழ்வதற்கென்று கட்டப்பட்டதன்று, தேர்வில் தோற்றது. சேவல் ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெடைகளோடு இணைகிறது என்னும் செய்தியும் இவ்வாறே வெளிவந்தது. இக்கண்டுபிடிப்பு 1931இல் கழகத்தின் இதழில் கட்டுரையாக வந்தது. பறவையின் இல்லறத்தை மனிதர் வழக்கோடு ஒப்பிட்டு நகைப்பாரும் உண்டு. அது வீண். பறவைக்குப் பறவையின் வழக்கு.

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். காங்கேயக் காளைக்குத் தேர்ந்தெடுத்தவர் உழவர். தூக்கணாங்குருவிக் கூட்டுக்கும் தேர்ந்தெடுப்பவர் ஒருவர் உண்டு, அவர் பெடை. நுழைந்து பார்த்து, ஒன்றை ஏற்று ஒன்றை விலக்கும் அந்தச் சிறு பறவையே ஒரு நடுவர். அதற்குப் பின்னும் நடுவர்கள் உண்டு. காற்றில் அறுந்து வீழும் கூடு, பாம்பு புகுந்த கூடு, மழைநீர் ஒழுகிய கூடு ஆகியவற்றிலிருந்து குஞ்சுகள் பறப்பதில்லை. நன்கு பின்னும் இயல்புடைய சேவலின் வழிவந்தவையும், நல்ல கூட்டைத் தேரும் இயல்புடைய பெடையின் வழிவந்தவையும் அடுத்த மழைக்காலத்தில் மிகுதியாக வந்து சேர்கின்றன. இவ்வாறு எண்ணிறந்த மழைக்காலங்கள். எந்தச் சேவலும் கிணற்றின் மேல் தொங்கிக்கொண்டு பாம்பைப் பற்றித் திட்டமிட வேண்டுவதில்லை. எனினும் கட்டிய கூடு திட்டமிட்டதுபோலவே இருக்கிறது. 1859இல் தம் பெருநூலை வெளியிட்ட சார்லஸ் டார்வின், வளர்ப்புப் புறாக்களையும் கால்நடைகளையும் தேர்ந்தெடுப்போரைப் பற்றிய பேச்சோடு அதனைத் தொடங்கியது தற்செயல் அன்று. தேர்வு என்பது என்ன செய்யும் என்பதை அறிய அவர் சென்ற பள்ளி கால்நடைத் தொழுவமே. பழையகோட்டையாரிடமும் அவர் பாடம் கேட்டிருக்கலாம்!

சாலிம் அலியோடு ஒரே ஆசானிடம் பயின்ற எர்ன்ஸ்ட் மாயர், பின்னர் அமெரிக்கா சென்று இக்கருத்தைத் தெளிவாக வகுத்தார். உயிரினத்தைப் பற்றி ஏன் என்று கேட்டால் இரு வேறு விடைகள் உண்டு என்று 1961இல் அவர் எழுதினார். சேவல் இன்று ஏன் நார் கிழிக்கிறது என்றால், மழை வந்தது, புல் நீண்டது, உடலில் சுரப்பு மாறியது என்பது ஒரு விடை. இக்குருவியினம் ஏன் கூடு பின்னும் இனமாயிற்று என்றால், மேற்கூறிய நெடுங்காலத் தேர்வு மற்றொரு விடை. ஒன்றைக் கேட்டவனுக்கு மற்றொன்றைச் சொன்னால் குழப்பமே மிஞ்சும். உயிர்களிடம் காணப்படும் இந்த நோக்கம்போன்ற தன்மைக்கு, முன்னறிந்து திட்டமிடுதல் என்னும் பொருள் கலவாத ஒரு பெயர் வேண்டுமெனப் பிட்டெண்ட்ரிக் என்னும் அறிவியலார் 1958இல் டெலியானமி என்னும் சொல்லை ஆக்கினார். மாயரும் அதனை எடுத்தாண்டார்.

தமிழ் பயில்வோர்க்கு இதனை இன்னும் எளிதாகச் சொல்லலாம். நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களுள் பொருட்டு என்பது ஒன்று. முட்டைக்குக் கூடு என்றால் முட்டையின் பொருட்டுக் கூடு என்பதாம். கூட்டுக்குப் புல் என்றாலும் அதே உருபு. ஆனால் அங்கே பொருள் அதுவாதல், புல்லே கூடாகிறது. ஏது என்பதோ ஐந்தாம் வேற்றுமையின் பாற்படும். பெடையின் தேர்வினின்றும் காற்றின் தேர்வினின்றும் வந்தது கூடு என்னும்போது, நான்காம் வேற்றுமையில் கேட்ட வினாவுக்கு நாம் ஐந்தாம் வேற்றுமையில் விடை கூறுகிறோம். நம் பேச்சு மொழியோ எப்போதும் நான்காம் வேற்றுமையை நோக்கியே சாய்கிறது. தேர்வுத்தாளில் எல்லாப் பறவைகளும் ஏதேனும் ஒன்றன் பொருட்டே எதனையும் செய்வதாக மாணவர் எழுதுவதற்குக் காரணம் இதுவே. அதனைப் பிழையென்று அடிக்க வேண்டியதில்லை. சுருக்கெழுத்து என்று கொண்டால் போதும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பறவையின் தலைக்குள் திட்டம் இல்லை என்றால் படைப்பிலேயே நோக்கம் இல்லை என்று ஆகிவிடாதா? ஆகாது என்பதே நம் கருத்து. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ் தம் விலங்கு நூலில் சிற்றுயிர்களையும் ஆராய்ந்தார். அவற்றில் இறைவனின் ஞானத்துக்குச் சான்றுகளையும் கண்டார். அஃது ஒரு நோக்கு. கிணற்றடியில் நின்று, எந்தச் சேவலின் எந்தக் கூட்டை எந்தப் பெடை ஏற்றது என்று எண்ணுவது வேறொரு பணி. முன்னதை இவ்வெண்ணிக்கையால் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்போரே இரண்டுக்கும் தீங்கு செய்கின்றனர்.

மீண்டும் சாலிம் அலியிடம் வருவோம். கிஹிமுக்குப் பின் அவர் வாழ்வு நம் பக்கம் திரும்புகிறது. முதல் உலகப்போரில் படை மருத்துவராயிருந்து ஓய்வுபெற்ற அனந்தன் என்பாரின் அழைப்பை ஏற்றுக் கோத்தகிரியில் அவர் சிறிது காலம் வாழ்ந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் அடையும் அதே கோத்தகிரிதான். பறவைகளைப் பற்றி முறையான கணக்கெடுப்பு நடவாத சமத்தானங்களுக்குத் தாமே எழுதி, தமக்கு ஊதியம் வேண்டா, செலவுக்கு மட்டும் உதவினால் போதும் என்னும் ஏற்பாட்டில் ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், போபால் எனப் பல நாடுகளில் அவர் அலைந்தார். கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் தஹ்மினா உடன் சென்றார். 1939இல் சிறிய அறுவை மருத்துவம் ஒன்றின் பின் அவ்வம்மையார் காலமானார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. உடன்பிறந்த சகோதரியின் வீட்டில் தங்கி, பறவைகளோடு எஞ்சிய வாழ்வைக் கழித்தார்.

1941இல் வெளியான இந்தியப் பறவைகள் என்னும் நூல், பட்டம் பெறாதவர்கள் பலரையும் பறவையியலர் ஆக்கியது. அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. முதல் தொகுதி வெளிவந்தபோது அவர் அகவை எழுபதைக் கடந்திருந்தது. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமனம் ஆகியன அவரைத் தேடி வந்தன. ஜே. பால் கெட்டி பரிசாக வந்த பெருந்தொகையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கே வழங்கிவிட்டார். சிறுவனாக நுழைந்தபோது பெட்டி திறந்து காட்டிய கழகம் அன்றோ!

வேட்டைத் துப்பாக்கியில் தொடங்கியவர் அவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கெனப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவருமாவார். ஆயினும் அவருக்கு நிலைத்த புகழைத் தந்த கிஹிம் ஆய்வில் முதன்மைக் கருவிகளாக நின்றவை கண்ணும் பென்சிலும் பொறுமையுமே. 1957இல் இந்தியாவில் குடியேறிய உயிரியலறிஞர் ஹால்டேன், பறவைகளைக் கொல்லாமலே ஆய்வது குறித்து 1959இல் அதே கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத நாட்டிலும் இத்தகைய ஆய்வு கைகூடும் என்பது, கிராமக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்க்கு வாய்ப்பான செய்தி.

1987ஆம் ஆண்டு சூன் திங்கள் 20ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில், புற்றுநோயால் சாலிம் அலி பம்பாயில் காலமானார். 1990இல் அவர் பெயரால் ஒரு பறவையியல் ஆய்வு நிலையம் கோவையில் நிறுவப்பெற்றது; ஆனைக்கட்டி மலையடிவாரத்தில் அது அமைந்துள்ளது. நம் மாநிலத்தின் மேகமலைப் பகுதியில் 1948இல் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவாலுக்கு 1972இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. பறவையறிஞரின் பெயர் வௌவாலுக்குப் போனது பொருத்தமா என்று கேட்பாரும் உளர். நமக்கு அதில் வருத்தமில்லை.

தூக்கணாங்குருவி பற்றிய வினாக்கள் அவரோடு முடிந்துவிடவில்லை. மின்மினி விளக்குக் கதை கதையாகவே நின்றது. ஆனால் உட்சுவரில் மண் அப்பப்படுவது மெய். கூடு காற்றில் மிகையாக ஆடாதிருக்க அஃது எடையாகிறது என்பது ஒரு கருத்து. வேறு கருத்துகளும் கூறப்படுகின்றன. பெடை எதனைப் பார்த்துத் தேர்கிறது என்பதை 2000க்குப் பின் நம் நாட்டிலேயே ஆராய்ந்தவர்கள், கூட்டின் பின்னல் நயத்தைக் காட்டிலும் அது தொங்கும் இடமே பெடைக்கு முதன்மையானது என்று கண்டனர். எத்துணை நேர்த்தியாகப் பின்னினாலும் இடம் தவறினால் பெடை வருவதில்லை.

நம் பகுதியில் பனை குறைந்து வருகிறது. கிணறுகள் பல வறண்டு, ஆழ்துளைக் குழாய்கள் வந்துவிட்டன. தூக்கணாங்குருவிகள் முள்மரங்களிலும் கம்பிகளிலும்கூடக் கூடு கட்டுவதுண்டு. மழை பெய்து புல் நீண்டதும், காங்கேயத்தைச் சுற்றியுள்ள கொறங்காட்டுக் கிணறு ஒன்றின் அருகே காலையில் ஒரு மணி நேரம் அமர்ந்தால், முடிந்த கூடுகள் எத்தனை, தலைக்கவச நிலையில் நின்றுபோனவை எத்தனை என்று எவரும் எண்ணிவிடலாம். நின்றுபோன கூட்டின் சேவல் சில நாட்களில் தானே அந்த நாரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சற்றுத் தள்ளி வேறொரு கிளைநுனியில் முதல் முடிச்சை இட்டுக்கொண்டிருப்பதையும் காணக்கூடும்.